பறவை விரட்ட ஒரு கையெழுத்து

அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் 2020 வரை பட்டாசு வாங்கப் போனவர்கள் கடையில் ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. வாங்குகிற வெடியை வயலிலோ மீன் பண்ணையிலோ பறவை விரட்டத்தான் பயன்படுத்துவேன் என்பது போன்ற உறுதிமொழி அது. பொதுமக்கள் வெடி வெடிப்பதை மாநிலச் சட்டம் தடை செய்திருந்தது; பயிரையும் மீன் குஞ்சையும் காப்பாற்ற மட்டும் விலக்கு கொடுத்திருந்தது. அதனால் ஒவ்வொரு ஜூலை முதல் வாரத்திலும் மயாமியின் அடுக்குமாடிக் குடியிருப்புக்காரர்கள் திடீரென்று விவசாயிகள் ஆனார்கள். தாளில் எழுதியிருப்பது பொய் என்று கடைக்காரருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியும், சட்டம் எழுதியவர்களுக்கும் தெரியும். அமெரிக்கச் சுதந்திர நாளான ஜூலை 4 இரவில் மாநிலம் முழுக்க வானம் அதிரும். ஒரு நாரைகூட அங்கே இருக்காது.

அப்படி ஓர் இரவில்தான், 2015-இல், நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியின் அமெரிக்கக் கால்பந்து வீரர் ஜேசன் பியர்-பால், ஃபுளோரிடாவில் வெடி வெடித்துக்கொண்டிருந்தபோது கையில் பலத்த காயம்பட்டு வலது ஆள்காட்டி விரலை இழந்தார். பல கோடி டாலர் ஒப்பந்தப் பேச்சு நடந்துகொண்டிருந்த நேரம் அது. மனிதர் தளராமல் திரும்பி வந்து ஆடினார் என்பது வேறு கதை. மறு ஆண்டு அந்நாட்டு நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் விழிப்புணர்வுப் படத்தில் சிதைந்த கையோடு தோன்றி எச்சரிக்கவும் செய்தார். பறவைத் தாள் அந்த விரலைக் காப்பாற்றவில்லை.

2020-இல் ஃபுளோரிடா அந்தப் பாசாங்கை ஒருவாறு கைவிட்டது. ஜூலை 4, டிசம்பர் 31, ஜனவரி 1 ஆகிய மூன்று நாள்களில் மக்கள் வெடிக்கலாம் என்று சட்டம் வந்தது. பட்டாசை வெறுப்பவர்களுக்கு இது சறுக்கலாகத் தெரியலாம். உண்மையில் இது முன்னேற்றம். யாரும் நம்பாத தடையைவிட, எல்லோரும் கடைப்பிடிக்கக்கூடிய குறுகிய அனுமதி மேலானது. கோடைக் கொண்டாட்டப் பட்டாசு விஷயத்தில் அமெரிக்க மாநிலங்கள் கடந்த இருபது ஆண்டுகளில் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டிருப்பது இதைத்தான். தடுமாற்றம் இன்னும் தீர்ந்தபாடில்லை.

ஒஹாயோவின் கதை ஃபுளோரிடாவையும் மிஞ்சும். அங்கே 2022 வரை வாணமும் வெடியும் வாங்குவது குற்றமாக இருக்கவில்லை, வெடிப்பதுதான் குற்றமாக இருந்தது. வாங்கியவர் 48 மணி நேரத்துக்குள் சரக்கை மாநில எல்லைக்கு வெளியே கொண்டுபோய்விடுவதாகக் கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டியிருந்தது. உள்ளூர்க்காரர்கள் இதைப் ‘பொய்யர் சட்டம்’ என்றே அழைத்தார்கள். பக்கத்து மாநிலமான பென்சில்வேனியா இதற்குக் கண்ணாடி பிடித்தது. அங்குள்ள பெரிய கடைகளில் வெளிமாநிலத்தார் எதையும் வாங்க முடிந்தது, அந்த மாநிலத்தில் குடியிருப்பவர் மட்டும் தரை மத்தாப்பு ரகங்களோடு நிற்க வேண்டியிருந்தது. ஆக, ஒஹாயோக்காரர் பென்சில்வேனியாவில் வாங்கினார். பென்சில்வேனியாக்காரர் ஒஹாயோவில் வாங்கினார். இருவரும் அவரவர் வீட்டு முற்றத்தில் வெடித்தார்கள். நெடுஞ்சாலை எல்லைகளில் கிடங்கு அளவுக்குப் பட்டாசுக் கடைகள் முளைத்ததற்கு இதுதான் காரணம். 2017-இல் பென்சில்வேனியா தன் குடிமக்களுக்கும் கதவைத் திறந்தது, கூடவே 12 சதவீதத் தனி வரியையும் போட்டது. ஒஹாயோ 2022 ஜூலையில் வழிக்கு வந்தது.

மாசசூசெட்ஸ் இன்னும் பிடிவாதமாக நிற்கிறது. ஐம்பது மாநிலங்களில் கம்பி மத்தாப்பைக்கூடத் தனியார் கையில் அனுமதிக்காத மாநிலம் அது ஒன்றுதான். பாஸ்டன் நகரத்தில் சார்ல்ஸ் ஆற்றின் மேல் அரசும் இசைக்குழுவும் சேர்ந்து நடத்தும் பெரிய வாணவேடிக்கையைக் கரையில் உட்கார்ந்து பார்க்கலாம், அவ்வளவுதான். ஆனால் காரில் ஒரு மணி நேரம் போனால் நியூ ஹாம்ப்ஷயர் எல்லை. எல்லையைத் தாண்டியதும் கடை. விழாவுக்கு முந்தைய வாரங்களில் திரும்பி வரும் வண்டிகளை நிறுத்தி மாநிலக் காவலர்கள் சரக்கைப் பறிமுதல் செய்வதும் உண்டு. மாசசூசெட்ஸ் குடியிருப்புகளில் ஜூலை 4 இரவு எப்படி இருக்கும் என்று அங்கே வசிக்கும் எந்தத் தமிழரைக் கேட்டாலும் சொல்வார். தீபாவளிக்கு முதல் நாள் ராத்திரி மதுரையில் கேட்கும் சத்தத்துக்குக் குறைவில்லை.

வெடி வெடிக்கும் இந்த ஆசைக்கு வயது நாட்டின் வயதேதான். சுதந்திரப் பிரகடனத்துக்கு மறு ஆண்டே, 1777 ஜூலை 4 அன்று, ஃபிலடெல்ஃபியாவில் வாணம் விட்டார்கள். இனி வரும் தலைமுறைகள் இந்த விடுதலையை விளக்கொளியும் சொக்கப்பனையுமாகக் கொண்டாடும் என்று ஜான் ஆடம்ஸ் 1776-லேயே தன் மனைவிக்குக் கடிதம் எழுதிவிட்டார். கொண்டாடப் போகும் நாள் ஜூலை 2 என்று அவர் நினைத்தது மட்டும் பலிக்கவில்லை.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தக் கொண்டாட்டம் ஒரு கொள்ளைநோய் போல ஆகியிருந்தது. 1903 ஜூலை 4 காயங்களால் அமெரிக்காவில் 400-க்கும் மேற்பட்டோர் வலிப்பு ஜன்னி கண்டு இறந்ததாக அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழ் கணக்கெடுத்து வெளியிட்டது. பெரும்பாலும் பொம்மைத் துப்பாக்கியின் வெற்றுத் தோட்டா உள்ளங்கையைக் கிழித்து, தெருப்புழுதி உள்ளே போய் வந்த ஜன்னி. இறந்தவர்களில் சிறுவர்கள் அதிகம். அதற்கு ‘தேசபக்தி ஜன்னி’ என்றே மருத்துவர்கள் பெயர் வைத்தார்கள். அதன் எதிர்விளைவாக ‘பாதுகாப்பான, புத்தியுள்ள ஜூலை 4’ என்றோர் இயக்கம் எழுந்தது. மாநிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தடை போடத் தொடங்கியதன் வேர் அங்கே இருக்கிறது. அந்த இயக்கத்தின் பெயர் இன்றும் கலிபோர்னியாப் பட்டாசுப் பெட்டிகளில் முத்திரையாக வாழ்கிறது. மாநிலத் தீயணைப்பு அதிகாரி பார்த்து அனுமதித்த, பறக்காத, வெடிக்காத ரகங்கள் மட்டுமே அந்த முத்திரையைப் பெறும்.

சட்டப்படியான பட்டாசு என்றால் என்ன?

மாநிலங்கள் எப்படி இழுபறி செய்தாலும், மத்திய அரசின் பங்கு தெளிவாகவே இருக்கிறது. அது ஆளைப் பார்ப்பதில்லை, பெட்டியைப் பார்க்கிறது. பொதுமக்களுக்கு விற்கலாம் என்ற வகைக்கு 1.4 ஜி என்று குறியீடு. தொழில்முறை வாணவேடிக்கைக்காரர்களின் சரக்கு 1.3 ஜி. வீட்டில் வெடிக்கும் சாதாரண வெடி ஒன்றுக்குள் இருக்கும் வெடிமருந்து 50 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. காய்ச்சலுக்குப் போடும் 500 மில்லிகிராம் பாராசிட்டமால் மாத்திரையில் பத்தில் ஒரு பங்குதான் அது. பற்றவைத்த திரி குறைந்தது 3 விநாடி, கூடினால் 9 விநாடி எரிய வேண்டும். மூன்றுக்குக் கீழே போனால் ஓட நேரமில்லை. ஒன்பதுக்கு மேலே போனால் என்ன ஆயிற்று என்று குனிந்து பார்க்கத் தோன்றும். மனித சுபாவத்தை இவ்வளவு கச்சிதமாக அளந்து வைத்த அரசு விதி அபூர்வம்.

நம்மூரில் அறுபது ஷாட், நூற்றிருபது ஷாட் என்று விற்கும் பெட்டி வாணத்துக்கு அங்கே மொத்தம் 500 கிராம் மருந்து உச்சவரம்பு. குழாயில் ஒவ்வொன்றாகப் போட்டு மேலே அனுப்பும் குண்டு என்றால் ஒன்றுக்கு 60 கிராம், விட்டம் ஒன்றே முக்கால் அங்குலம். 1966-இல் நாடாளுமன்றம் கொண்டுவந்த குழந்தைகள் பாதுகாப்புச் சட்டம் எம்-80, செர்ரி பாம் போன்றவற்றைச் சந்தையிலிருந்து விலக்கியது. எம்-80 என்பது படைப் பயிற்சியில் துப்பாக்கி, குண்டுச் சத்தத்தைப் போலியாக எழுப்பச் செய்த சரக்கு. சுமார் 3 கிராம் மருந்து, அதாவது இன்றைய வெடியைப்போல் 60 மடங்கு. ‘எங்கள் காலத்து வெடி மாதிரி வருமா?’ என்று அமெரிக்கத் தாத்தாக்கள் பெருமூச்சு விடுவது இதை நினைத்துத்தான். அந்தத் தாத்தாக்களில் சிலருக்கு விரல் குறைவாக இருக்கும்.

இந்தியாவின் அளவுகோல் வேறு. இங்கே சத்தத்தை அளக்கிறார்கள்: வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தள்ளி 125 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது. தெருவில் நின்று யார் அதை அளப்பது? மருந்தின் எடையை ஆலையிலும் துறைமுகத்திலும் தராசில் போட்டுப் பார்த்துவிடலாம். இந்த ஒரு விஷயத்தில் அமெரிக்க முறை புத்திசாலித்தனமானது என்று ஒப்புக்கொள்வதில் தவறில்லை.

அமெரிக்கர் வீட்டு முற்றத்தில் வெடிப்பது அமெரிக்கச் சரக்கல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். கிட்டத்தட்ட அத்தனையும் சீனாவிலிருந்து, பெரும்பகுதி ஹூனான் மாகாணத்தின் லியூயாங் வட்டாரத்திலிருந்து, கப்பலில் வருகிறது. அமெரிக்க இறக்குமதியாளர்கள் 1989-இல் அமைத்த தரச் சோதனை நிறுவனம் சீனாவிலேயே ஆள் வைத்துப் பெட்டிகளைச் சோதிக்கிறது. இந்தியப் பட்டாசில் பத்தில் ஒன்பது பங்கைச் செய்யும் சிவகாசிக்கு அந்தச் சந்தையில் இடம் இல்லை என்றே சொல்லலாம். வியாபாரத் தந்திரத்தில் மட்டும் இரண்டு ஊருக்கும் ஒற்றுமை. ‘ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்’ என்று பேரங்காடி வாகன நிறுத்துமிடக் கூடாரங்களில் தொங்கும் பலகையைப் பார்க்கும்போது, 80 சதவீதத் தள்ளுபடி என்று முகத்தில் அறையும் சிவகாசிச் சாலைப் பலகைகள் நினைவுக்கு வராமல் போகாது. இரண்டு இடத்திலும் அசல் விலை என்னவென்று யாருக்கும் தெரியாது.

அந்தக் கூடாரங்களில் நிற்பவர்கள் பல ஊர்களில் பட்டாசு வியாபாரிகளே அல்ல. தேவாலயக் குழு, பள்ளி விளையாட்டு அணியின் பெற்றோர், உள்ளூர்ச் சேவைச் சங்கம் ஆகியவை ஒரு வாரம் கடை போட்டு ஆண்டுச் செலவுக்கு நிதி திரட்டிக்கொள்கின்றன. கலிபோர்னியாவில் இது ஊறிப்போன வழக்கம். நல்ல காரியம்தான். ஆனால் எந்த வாணத்தை எவ்வளவு தள்ளி வைத்துக் கொளுத்துவது என்று அங்கே நிற்கும் பதினேழு வயதுப் பையனிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. பெட்டியில் அச்சிட்டிருப்பதைத் தானேதான் படிக்க வேண்டும்.

அப்படிப் படிக்கிறவர் எத்தனை பேர் என்பதை மருத்துவமனைக் கணக்கு சொல்கிறது. நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் ஆண்டுதோறும் வெளியிடும் மதிப்பீட்டின்படி 2023-இல் பட்டாசால் காயம்பட்டவர்கள் சுமார் 9,700 பேர், இறந்தவர்கள் 8 பேர். 2024-இல் காயம் 14,700, இறப்பு 11. இவற்றுக்கு முன்னால் 2020 தனியாக நிற்கிறது. கொரோனாவால் ஊர் வாணவேடிக்கைகள் ரத்தாகி, ஒவ்வொரு குடும்பமும் தன் முற்றத்தில் தானே வேடிக்கை நடத்திய ஆண்டு அது. சுமார் 15,600 பேர் காயம்பட்டார்கள், குறைந்தது 18 பேர் இறந்தார்கள். தேர்ந்தவர்கள் கொளுத்த ஊரே உட்கார்ந்து பார்ப்பதற்கும், ஆளுக்கொரு பெட்டியைக் கையில் கொடுப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை யாரும் திட்டமிடாமல் நடந்த அந்தச் சோதனை காட்டிவிட்டது.

பட்டாசுத் தொழில்துறை ஒரு பதில் வைத்திருக்கிறது. ஐம்பது ஆண்டுகளில் பயன்பாடு பல மடங்கு பெருகியிருக்கிறது, காயங்கள் அந்த வேகத்தில் பெருகவில்லை என்பார்கள். அது பொய்யல்ல, 50 மில்லிகிராம் விதியின் பலன் அது. ஆனால் எல்லாச் சரக்கையும் ஒரே கூடையில் போட்டுக் கணக்குப் பார்ப்பதில் ஒரு சாமர்த்தியம் ஒளிந்திருக்கிறது. சின்ன வெடி விரலைச் சுடுகிறது. குழாய்க் குண்டும் பெரிய பெட்டி வாணமும் ஆளையே கொல்கின்றன.

2021 ஜூலை 4 இரவு மிச்சிகனின் நோவை நகரில் கொலம்பஸ் புளூ ஜாக்கெட்ஸ் ஐஸ் ஹாக்கி அணியின் கோல் காவலர், லாட்வியாவைச் சேர்ந்த மாட்டிஸ் கிவ்லெனியெக்ஸ் இறந்தார். வயது 24. தரையில் வைத்த வாணம் சற்றுச் சாய்ந்து, ஆள்கள் இருந்த பக்கம் சுடத் தொடங்கியது. ஒன்று அவர் மார்பைத் தாக்கியது. மிச்சிகனில் 2012 முதல் இப்படிப்பட்ட வாணங்கள் சட்டப்படி விற்கப்படுகின்றன, ஜூலை 4 அனுமதிக்கப்பட்ட நாள். கடையும் தப்பு செய்யவில்லை, நாளும் தப்பில்லை. பெட்டி சமதளத்தில் அசையாமல் நிற்க வேண்டும் என்ற ஒரு சின்ன விஷயம் தவறியது.

மெய்ன் மாநிலம் 2012-இல் பட்டாசுக்கு அனுமதி கொடுத்தது. மூன்றாண்டு கழித்து, 2015 ஜூலை 4 அன்று, அங்கே முதல் சாவு. இருபத்திரண்டு வயது இளைஞர், நண்பர்களோடு குடித்துக்கொண்டிருந்தவர், குழாய்க் குண்டுக் குழாயைத் தலைமேல் வைத்துக்கொண்டு பற்றவைத்தார். இதை எந்தச் சட்டம் தடுத்திருக்கும் என்று கேட்கலாம். குழாய் அவர் கைக்குக் கிடைக்காத சட்டம் தடுத்திருக்கும். வீட்டு முற்றத்தில் விளையாட்டாக வெடிக்கும் பண்டங்களின் பட்டியலில் குழாய்க் குண்டு இருக்க வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. அந்தப் பூவை வானத்தில் விரிக்க ஊராட்சியும் உரிமம் பெற்ற ஆளும் இருக்கிறார்கள். எல்லா வெடியையும் தடை செய்கிறேன் என்று மாசசூசெட்ஸ் செலவழிக்கும் சக்தியில் கால் பங்கை இந்த ஒரு ரகத்தின் மீது எல்லா மாநிலங்களும் செலுத்தினால் உயிர்கள் மிஞ்சும்.

மறுகோடியில் இருப்பது கம்பி மத்தாப்பு. ‘ஆபத்தில்லாதது’ என்ற பெயரோடு மூன்று வயதுக் குழந்தை கையில் கொடுக்கப்படுவது. அதன் நுனி சுமார் 1,100 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் எரிகிறது. தங்கம் 1,064 டிகிரியில் உருகிவிடும். 2024-இல் மட்டும் கம்பி மத்தாப்பால் சுமார் 1,700 பேர் அமெரிக்க மருத்துவமனைகளுக்குப் போனார்கள். எரிந்து முடிந்த கம்பியைப் புல்வெளியில் எறிந்துவிட்டு வெறுங்காலில் ஓடுவது அங்கே நடப்பதுதான், இங்கே திண்ணையோரம் நடப்பதும் அதுவேதான். ஒரு வாளித் தண்ணீரைப் பக்கத்தில் வைத்து, எரிந்த கம்பியை அதில் போடச் சொன்னால் பாதிப் பிரச்சினை தீரும். மாநிலங்கள் தடையைத் தளர்த்தும்போது முதலில் கம்பி மத்தாப்பைத்தான் விடுவிக்கின்றன. நியூ ஜெர்சி 2017-இல் அதைத்தான் செய்தது. அதில் குற்றம் காண முடியாது, அதோடு ஒரு வாளியையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

கோடைப் பட்டாசுக்கும் நம் ஐப்பசிப் பட்டாசுக்கும் அடிப்படையான ஒரு வேற்றுமை உண்டு. தீபாவளி வரும்போது தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழைக்காலம். வெடி நமுத்துப் போகுமே என்பதுதான் நம் கவலை. அமெரிக்க மேற்கு மாநிலங்களில் ஜூலை என்பது புல் காய்ந்து வைக்கோலாகக் கிடக்கும் காலம். தேசியத் தீத்தடுப்புச் சங்கத்தின் கணக்கில் 2018-இல் மட்டும் பட்டாசால் மூண்ட தீ விபத்துகள் சுமார் 19,500. அவற்றில் 17,100 திறந்தவெளியில் பற்றிய தீ.

2017 செப்டம்பர் 2 அன்று ஓரிகன் மாநிலத்தின் ஈகிள் கிரீக் பள்ளத்தாக்கில் 15 வயதுச் சிறுவன் ஒருவன் பட்டாசு ஒன்றைக் கொளுத்தி மலையிடுக்கில் எறிந்தான். கொலம்பியா ஆற்றங்கரைக் காடு சுமார் 48,000 ஏக்கர் எரிந்தது. மலைப்பாதையில் இருந்த 150-க்கும் மேற்பட்டவர்கள் வழி அடைபட்டு இரவைக் காட்டிலேயே கழித்தார்கள். நீதிமன்றம் அந்தச் சிறுவனை 3.66 கோடி டாலர் இழப்பீடு கட்டச் சொன்னது. அவன் ஆயுள் முழுக்க உழைத்தாலும் கட்ட முடியாத தொகை அது என்பது நீதிபதிக்கும் தெரியும். பத்தாண்டு தவறாமல் தவணை கட்டி ஒழுங்காக நடந்தால் மீதியை நிறுத்தலாம் என்று வழியும் வைத்தார். இதுவே மழை பெய்து நனைந்த காட்டில் நடந்திருந்தால் ஒரு புகைதான் மிஞ்சியிருக்கும்.

இந்த இடத்தில்தான் யூட்டா மாநிலத்தைப் பாராட்ட வேண்டும். அங்கே கோடையில் இரண்டு விழாக்கள்: ஜூலை 4, அப்புறம் 1847-இல் மார்மன் முன்னோர்கள் அந்தப் பள்ளத்தாக்குக்கு வந்து சேர்ந்த நினைவாக ஜூலை 24. ஒவ்வொன்றையும் ஒட்டி நான்கு நாள் வெடிக்கலாம். முன்பு இன்னும் அதிக நாள்கள் இருந்தன, 2018-இல் குறைத்தார்கள். அதைவிட முக்கியம், காட்டையும் புதரையும் ஓடையையும் ஒட்டிய பகுதிகளில் வெடிக்கக் கூடாது என்று நகராட்சிகள் எல்லை வகுத்து வரைபடம் வெளியிடலாம். இந்தத் தெருவரை வெடிக்கலாம், அந்தத் தெருவுக்கு மேலே கூடாது. குடிமகனுக்குப் புரிகிற, காரணம் கண்ணுக்குத் தெரிகிற விதி. சால்ட் லேக் சிட்டி 2023-இல் வாணவேடிக்கையையே விட்டுவிட்டு டிரோன் விளக்குகளுக்கு மாறியது. காற்று நச்சு ஒரு காரணம், வறட்சி இன்னொன்று. ஜூலை 4-ஐ ஒட்டிய 24 மணி நேரத்தில் காற்றிலுள்ள நுண்துகள் சராசரியாக 42 சதவீதம் கூடுகிறது என்று நாடெங்கும் 315 கண்காணிப்பு நிலையங்களின் பதிவுகளை வைத்து 2015-இல் வந்த ஆய்வு சொன்னது. டெல்லிக்காரர்கள் இந்த எண்ணைப் பார்த்துச் சிரிப்பார்கள் என்பது உண்மை.

தடைக்கு அப்பால் வளரும் கள்ளச் சந்தை எவ்வளவு கொடியது என்பதற்கு லாஸ் ஏஞ்சலஸ் சாட்சி. 2021 ஜூன் 30 அன்று அந்நகரின் தென்பகுதியில் ஒரு வீட்டில் டன் கணக்கில் சட்டவிரோதப் பட்டாசைக் காவல்துறை கைப்பற்றியது. அவற்றில் கையால் செய்த, நிலைத்தன்மை இல்லாத வெடிகளை அங்கேயே ஒரு கவச வண்டிக்குள் வெடிக்கவைத்து அழிக்க வெடிகுண்டு நிபுணர்கள் முடிவு செய்தார்கள். எடை போடவில்லை, கண்ணால் பார்த்து மதிப்பிட்டார்கள். சுமார் ஏழரைக் கிலோ என்று நினைத்தது கிட்டத்தட்ட 19 கிலோ இருந்தது. கவச வண்டியே சிதறியது. 17 பேர் காயம்பட்டார்கள், தெருவில் வரிசையாக வீடுகள் உடைந்தன. பயிற்சி பெற்ற படைக்கே தெருவில் வைத்துத் தெரியாத மருந்தின் அளவு, கார் டிக்கியிலிருந்து எடுத்து விற்கப்படும் பெயரில்லாப் பொட்டலத்தை வாங்குகிறவருக்கு எப்படித் தெரியும்? வாங்குகிறவர்கள் நினைவில் வைக்க வேண்டிய முதல் பாடம் இதுதான்: தயாரிப்பாளர் பெயரும் எச்சரிக்கை வாசகமும் 1.4 ஜி குறியும் இல்லாத சரக்கைத் தொடக் கூடாது. பழுப்புத் தாளில் சுற்றியது பெரும்பாலும் தொழில்முறைக்காரர்களுக்குச் செய்த சரக்கு. வெடிக்காமல் போனதைத் திரும்பப் பற்றவைக்கவே கூடாது. கொஞ்ச நேரம் விட்டுத் தண்ணீரில் முக்கிப் போட்டுவிட வேண்டும். மிச்சம் இருக்கிறதே என்று ஊருக்கு வரும் விமானத்தில் பெட்டிக்குள் போட்டுவரும் யோசனையும் ஆகாது. ஒரு கம்பி மத்தாப்பைக்கூட விமானத்தில் அனுமதிப்பதில்லை.

தமிழர்களுக்கு இந்தக் கோடைப் பட்டாசோடு தனிப்பட்ட உறவு ஒன்று வளர்ந்திருக்கிறது. அமெரிக்காவின் பல ஊர்களில் பட்டாசு கிடைப்பது ஜூலை முதல் வாரத்தோடு சரி. கலிபோர்னியாவில் வழக்கமான விற்பனைக் காலமே ஜூன் 28 நண்பகல் முதல் ஜூலை 6 நண்பகல் வரைதான். ஆகவே நம்மவர்கள் ஜூலையில் இரண்டு பெட்டி கூடுதலாக வாங்கி, கார் நிறுத்தும் அறையின் மேல்தட்டில் பத்திரப்படுத்தி, அக்டோபரிலோ நவம்பரிலோ தீபாவளிக்கு எடுப்பது சகஜம். நரகாசுரன் காத்திருக்கலாம், கோடை முழுக்கக் கொதிக்கும் அறையில், புல்வெட்டும் இயந்திரத்தின் பெட்ரோல் கேனுக்கு மேலே வெடிமருந்து காத்திருப்பதுதான் சரியில்லை.

ஒஹாயோவின் 2022 சட்டம் இங்கே ஆச்சரியப்பட வைக்கிறது. பொய்யர் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, எந்தெந்த நாளில் வெடிக்கலாம் என்று அது வெளிப்படையாகப் பட்டியல் போட்டது. சுதந்திர நாள், உழைப்பாளர் தினம், புத்தாண்டு, சீனப் புத்தாண்டு, அடிமைத்தளை நீங்கிய ஜூன்டீன்த் ஆகியவற்றோடு தீபாவளியும் அதில் இருக்கிறது. கூடவே, வேண்டாம் என்று முடிவு செய்யும் உரிமையை நகராட்சிகளுக்கு விட்டது. தலைநகரான கொலம்பஸ் உட்படப் பல நகரங்கள் வேண்டாம் என்றே முடிவு செய்தன. மாநிலச் சட்டத்தில் தீபாவளி உண்டு, கொலம்பஸ் நகர எல்லைக்குள் வெடி இல்லை. முரண்பாடாகத் தோன்றினாலும் இது நேர்மையான ஏற்பாடு. வேண்டும் என்பவர்கள் நகர்மன்றக் கூட்டத்துக்குப் போய் வாதாடலாம். வாதாட நல்ல காரணமும் இருக்கிறது: அக்டோபர், நவம்பர் ஒஹாயோவில் குளிரும் ஈரமும், தீப்பிடிக்கும் ஆபத்து ஜூலையைவிட நிச்சயம் குறைவு.

நாம் இங்கிருந்து அவர்களுக்குப் பாடம் சொல்லும் நிலையில் இல்லை என்பதையும் மறைக்க வேண்டாம். 2018-இல் உச்ச நீதிமன்றம் தீபாவளி வெடிக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்கியது. தமிழ்நாட்டில் அதைக் காலை ஆறு மணியிலிருந்து ஒரு மணி நேரம், மாலை ஏழு மணியிலிருந்து ஒரு மணி நேரம் என்று பிரித்துக்கொண்டோம். சரவெடி கூடாது, பேரியம் கூடாது என்றும் தீர்ப்பு சொன்னது. சரவெடி எங்கும் தாராளமாக வெடிக்கப்படுவதாக 2021-இல் அதே நீதிமன்றமே கடிந்துகொண்டது. நேரம் மீறியதாக ஒவ்வொரு தீபாவளிக்கும் தமிழகக் காவல் நிலையங்களில் வழக்குகள் பதிவாகின்றன. அடுத்த தீபாவளி விடியற்காலை நான்கு மணிக்கே தெரு அதிர்கிறது. ஃபுளோரிடாவின் பறவைத் தாளுக்கும் நம் ஆறு மணிக்கும் ஏழு மணிக்கும் இடையில் பெரிய தூரம் இல்லை.

கலிபோர்னியா போன்ற மாநிலங்கள் செய்யக்கூடிய உடனடிக் காரியம் ஒன்று உண்டு. முத்திரை பெற்ற ரகங்களுக்குத் தீபாவளிக்கு முந்தைய நான்கைந்து நாள்களும் விற்பனை உரிமம் கொடுப்பது. ஜூலையில் கடை போடும் அதே தேவாலயக் குழுவும் பள்ளி அணியும் அப்போதும் கடை போட்டுக்கொள்ளட்டும், அதே தீயணைப்பு அதிகாரி அதே முத்திரையைப் பார்க்கட்டும். காட்டுத்தீ எச்சரிக்கை இருக்கும் ஆண்டில் அந்த உரிமத்தை நிறுத்திவைக்கும் அதிகாரமும் அவரிடமே இருக்கட்டும். மூன்று நான்கு மாதம் வீட்டுக்குள் வெடிமருந்தைச் சேர்த்துவைக்கும் பழக்கம் அதன் பிறகு தேவைப்படாது.